தோள் மாற்றும் நேரம்

“...வெடி கேட்டுச்சா? அப்போ பெருமாள் கோபுர வாசலைத் தாண்டிட்டாருன்னு அர்த்தம். இன்னும் கொஞ்ச தூரம் போனா ஒரு திருப்பம் வருது சிஸ்டர்மா. அங்கதான் மொத தோள் மாத்துவாங்க” என்றார் தேசிங்கு, கண்ணைத் திறக்காமல்.

விடிந்தும் விடியாத வேளை. வைகாசி மாதம், கருட சேவை நாள். எங்கள் ஆஸ்பத்திரி ஊருக்கு வெளிப்புறமாக இருப்பதால் நாதஸ்வரம் அங்கே எட்டாது. தனியறையின் ஜன்னலை வேறு அடைத்திருந்தோம். வாண வெடி மட்டும், தலையணைக்குள்ளிருந்து யாரோ இருமுகிற மாதிரி, மெத்தென்று வந்து விழுந்தது. தேசிங்கு மல்லாந்து படுத்திருந்தார். முழங்கால்கள் மடக்கியிருந்தன. இடது கையில் ட்ரிப் ஓடிக்கொண்டிருந்தது. வலது உள்ளங்கை, வலப்பக்க அடிவயிற்றின் மேல், எதையோ கீழே விழாமல் தாங்குவது போல இருந்தது. வலி முற்றிய நாளிலிருந்து அவர் அப்படியேதான் கிடந்தார். பக்கம் புரள முடியவில்லை.

அவர் அடுத்து என்ன செய்தார் என்பதுதான் என் பணிக்காலத்தில் நான் பார்த்த நல்ல காட்சிகளில் ஒன்று. ஆனால் அதைச் சொன்னால், “இதுல என்ன சிஸ்டர் இருக்கு?” என்று கேட்பீர்கள். அதனால் கொஞ்சம் சுற்றி வருகிறேன். ஓய்வு பெற்றவளுக்குச் சுற்றி வர நேரம் இருக்கிறது. கீமோ வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள்தான் எழுதித் தரச் சொன்னீர்கள்.

முதலில் குடலைப் பற்றி. பயப்படாதீர்கள், பாடம் நடத்தப் போவதில்லை. எனக்குத் தெரிந்ததில் பாதி, டாக்டர்கள் மேஜையில் விட்டுப்போன பத்திரிகைகளை டூட்டி முடிந்து எழுத்துக் கூட்டிப் படித்தது. மீதி, நோயாளிகள் சொல்லக் கேட்டது.

எண்டோஸ்கோப்பி அறையில் முதல் தடவை சிறுகுடலைத் திரையில் பார்த்தபோது ஈரமான வெல்வெட் துணி என்று நினைத்தேன். அந்தத் துணியின் இழை ஒவ்வொன்றையும் சுற்றி, அடியில், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குழிகள். குழியின் தரையில் ஸ்டெம் செல்கள். தமிழில் குருத்தணு என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், வாழைக்குருத்து ஞாபகம் வரும். அங்கே பிறக்கிற செல் சும்மா உட்காருவதில்லை. பின்னால் பிறந்தது தள்ள, குழியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே இருக்கும். ஏறும்போதே சோற்றிலிருந்து சத்தை வாங்கி உள்ளே கொடுக்கும். இழையின் நுனிக்கு வந்ததும் உதிர்ந்துவிடும். சில நாள்தான் அதன் ஆயுசு. பெருங்குடலில் இழை இல்லை, குழி மட்டும் உண்டு, ஆனால் கதை இதேதான். போன வாரம் உங்களுக்குச் சாப்பாடு போட்ட குடல் இப்போது உங்களிடம் இல்லை. அதை நினைத்துக்கொண்டு எத்தனையோ நாள் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அந்தச் சுவருக்குப் பின்னால் காவல். எலும்பு மஜ்ஜையின் குருத்தணுக்களிலிருந்து பிறக்கிற நோய் எதிர்ப்பு செல்களில் ஏராளமானவை குடல் ஓரத்தில்தான் வந்து தங்குகின்றன. சோறு எது, கிருமி எது, காலம்காலமாகக் குடியிருக்கிற நல்ல கிருமி எது, வம்புக்கு வந்தது எது என்று அவற்றில் பல பழகுவதும் அங்கேதான். உங்களைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் நீங்களும் நம்ம அட்டெண்டரையே விசிட்டர் என்று நினைத்து வெளியே நிற்க வைத்தீர்களாமே? பழகப் பழகத்தான் ஆள் தெரியும்.

கீமோ மருந்துக்கு ஆள் தெரியாது. வேகமாகப் பெருகுகிற செல் என்றால் அடிக்கும். அதனால்தான் புற்றுநோயோடு சேர்த்து முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, குடல் உரிகிறது, மஜ்ஜை காய்கிறது. சுவரும் இடிந்து காவலும் இல்லாத சில நாட்கள் வரும். வார்டில் நாம் “கவுண்ட் விழுந்துடிச்சு” என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த நாட்கள். வெள்ளையணு அநேகமாக இல்லை என்றாகிவிடும்.

எனக்கு முன்னால் வார்டைப் பார்த்துக்கொண்ட தலைமை சிஸ்டர் ஒருவர் உண்டு. அதிகம் பேசமாட்டார், பேசினால் எழுதி வைத்துக்கொள்ளலாம். “கவுண்ட் விழுந்தவன் உடம்பு சத்தம் போடாதுடி. சீழுங்கறது செத்துப்போன வெள்ளையணுதானே, அது கட்டணும்னா செத்து விழறதுக்கு அங்க காவல்காரன் வேணுமே. அவனுக்குக் காய்ச்சல் ஒண்ணுதான் வாய்” என்பார். நானும் அதையே பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் தெர்மாமீட்டரை நம்பினேன். அந்த வாயையும் மூடிவிட முடியும் என்பதை தேசிங்கிடம்தான் தெரிந்துகொண்டேன்.

தேசிங்கு மற்ற நாட்களில் லோடு ஆட்டோ ஓட்டுபவர். திருவிழா நாட்களில் பெருமாளைத் தோளில் தூக்குகிறவர். ஸ்ரீபாதம் தாங்கி என்பார்கள். வாகனத்தைத் தாங்கும் முன்தண்டில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. அவருடைய அப்பா நின்ற இடம். ரத்தப் புற்று என்று வந்து, கடுமையான கீமோ கொடுத்து, கவுண்ட் விழுந்து தனியறையில் இருந்தார். ஆள் கலகலப்பு. ஊசி போட வந்தவளிடம், “மெதுவாம்மா, இது சாமி தூக்குற கை” என்பார். “தோள்தானே தூக்குது” என்றால், “கை இன்னா சும்மாவா இருக்குது? தோளு தூங்கிடாம பாத்துக்கினு இருக்குது” என்பார்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலையில் அவர் கட்டிலின் ஓரத்தில் வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். கருட சேவை முடிந்ததும் தானே வந்து படுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவருடைய மச்சான் கேட்டில் ஆட்டோவை நிறுத்திவிட்டு மேலே வந்திருந்தார். மனைவி கன்னியம்மா பையைக் கட்டி வைத்திருந்தார்.

டூட்டி டாக்டர் இளைஞர், நல்ல பிள்ளை. இந்தக் கவுண்ட்டோடு திருவிழாக் கூட்டத்துக்குள் போனால் உயிர் மிஞ்சாது என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். அப்படியானால் என் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன் என்றார் தேசிங்கு. இரண்டு நாளாகக் காய்ச்சல் இல்லை, வாய்ப்புண்ணும் ஆறிக்கொண்டு வருகிறது, அப்புறம் என்ன என்று அவர் கேட்டார். டாக்டர் சார்ட்டைப் புரட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

என்னிடமும் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. தெர்மாமீட்டர் சரியாக இருந்தது. ஆனால் தேசிங்கு சிரிக்கும்போது கை அடிவயிற்றுக்குப் போய்த் தாங்கியது. நாடி அவருடைய பேச்சைவிட வேகமாக ஓடியது. கஞ்சிக் கிண்ணம் கொடுத்தது கொடுத்தபடி திரும்பி வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டபோது கன்னியம்மா பெருமையாக, “வெரதம் சிஸ்டர். தூக்குற வாரம் எப்பவும் அப்படித்தான்” என்றிருந்தார். தவக்காலத்தில் நானும் ஒரு வேளை விடுகிறவள்தான். விரதம் என்றால் கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

வயிறு வலிக்கிறதா என்று கேட்டேன். பட்டினி வயிறு, முறுக்கத்தான் செய்யும் என்றார். காய்ச்சல் மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்று கேட்டேன். நீங்கள் கொடுப்பதைத் தவிர காய்ச்சலுக்கு ஒன்றும் போடவில்லை என்று பெருமாள் மேல் ஆணையாகச் சொன்னார். பொய் சொல்கிற ஆள் இல்லை. டாக்டர் பேனாவை நீட்டினார். தேசிங்கு வாங்கிக்கொண்டார்.

மச்சானுக்கு என் மேல் கோபம். “ஒங்க கோயில்ல மணி அடிச்சா ஒங்கள யாராச்சும் கட்டிலோட கட்டிப் போடுவாங்களா சிஸ்டர்?” என்றார்.

கேட்டதில் நியாயம் இருந்தது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நேரத்தை இழுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதோடு, என் குணம் அது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மேடையைப் பார்க்காமல் சமையல்காரரிடம் போய் உட்கார்ந்து கதை கேட்கிறவள் நான்.

“போய்த்தான் ஆகணும்னா போங்க. ஆனா இத்தனை நாள் இருந்தீங்க, சாமி தூக்குறதப் பத்தி எனக்கு ஒண்ணுமே முழுசா சொல்லல. அந்த வாரம் பூரா இன்னா செய்வீங்க? மொதல்ல இருந்து சொல்லுங்க.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பேனாவை விரலிடுக்கில் வைத்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். அறைக்குள் திருவிழா வந்து நின்ற மாதிரி இருந்தது. தீவட்டி வெளிச்சம், குடை ஆடுகிற ஆட்டம், தண்டு தோளில் ஏறும்போது மூங்கில் போடுகிற முனகல், எல்லாம். பாரத்தைப் பற்றிச் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

“பாரம் ஆளைக் கொல்லாது சிஸ்டர்மா. தோள் மாத்துற நேரந்தான். முன்ன இருந்தவன் தோளை எடுத்துட்டான், அடுத்து வர்றவன் இன்னும் முழுசா வாங்கல. நடுவுல அந்த ஒரு மூச்சு இருக்குது பாரு, அப்ப ஒருத்தனும் அசையக்கூடாது. நடை நின்னுடணும். அது தெரியாதவன் தண்டுகிட்டயே வரக்கூடாது.”

பிறகு தயாராவதைப் பற்றிச் சொன்னார். விரதம். தோளுக்கு நல்லெண்ணெய். துண்டை எப்படி மடித்து வைப்பது. “அப்பறம் மாத்திரை. முன்கூட்டியே ஆரம்பிச்சிடணும். அப்பத்தான் தோளு வீங்காது. எங்க அப்பா காலத்துல கஷாயம். இப்ப எங்க ஆளுங்க எல்லாரும் வெள்ளை மாத்திரைதான்.”

“இந்த வருஷமும் ஆரம்பிச்சாச்சா?”

“ஆரம்பிக்காம? வேளைக்கு ஒண்ணு.”

கன்னியம்மா பைக்குள் கைவிட்டு அட்டையை எடுத்துக் காட்டினார். மறைப்பதற்கு அவருக்கு ஒன்றும் இல்லை. தோளுக்கு என்று கணவர் கேட்டார், இவர் கடையில் வாங்கி வந்து கொடுத்தார். நானும் டாக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாம் காய்ச்சலுக்குக் கொடுக்கிற அதே மாத்திரை. காய்ச்சல் வந்துதான் இருக்கிறது, வேளாவேளைக்கு அதன் வாயைப் பொத்தி வைத்திருக்கிறோம். பசி செத்தது விரதத்துக்குள் ஒளிந்துகொண்டது. காய்ச்சல் தோள் மாத்திரைக்குள் ஒளிந்துகொண்டது. அந்த அறையில் யாருமே பொய் சொல்லவில்லை.

டாக்டர் அவரைச் சாய்த்துப் படுக்க வைத்து வலப்பக்க அடிவயிற்றில் விரலை அழுத்தினார். பெருங்குடல் தொடங்குகிற இடம் அது. கவுண்ட் விழுந்த நாட்களில் உரிந்த குடல் முதலில் அழுகப் பார்க்கிற இடங்களில் ஒன்று. சாமி தூக்குகிற மனிதர் பல்லைக் கடித்தார், கண்ணோரம் நனைந்தது. டாக்டர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. என்ன கிருமி என்று பார்க்கக் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாட்டிக் ஏற்றச் சொன்னார், சர்ஜனைக் கூப்பிட்டார். அந்த இளம்பிள்ளையின் வேகத்தை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன்.

ஆனால் தேசிங்கு எழுந்து நின்றுவிட்டார். ஊசியை இப்போதே போடுங்கள், போட்டுக்கொண்டு போகிறேன், மீதியை வந்து போட்டுக்கொள்கிறேன் என்றார். ஒரு வருஷம் இடத்தை விட்டால் அந்த இடம் இன்னொருவருடையது ஆகிவிடும் என்பது அவருடைய பயம். அதை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் தண்டடியில் அப்படித்தான். அவருக்கு உயிர் ஒரு பக்கம், அப்பாவின் இடம் ஒரு பக்கம். எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் பயமும் வந்தது, ஏனென்றால் செத்துப்போவீர்கள் என்கிற பேச்சு அவரிடம் எடுபடாது.

அவரிடமிருந்து வாங்கியதையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

“இப்ப உங்க வயித்துக்குள்ள அந்த ஒரு மூச்சுதான் ஓடிக்கினு இருக்குது. குடல்ல பழைய ஆள் தோளை எடுத்துட்டான். புது ஆள் குழியில இருந்து ஏறி வந்துக்கினு இருக்கான், இன்னும் வாங்கல. எலும்புக்குள்ளயும் அதே கதை. இப்ப நீங்க நடக்கலாமா? நீங்களே சொல்லுங்க.”

அவர் ஜன்னலைப் பார்த்தார், கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். வெளியே மச்சானின் ஆட்டோவை யாரோ நகர்த்தச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“வயித்துக்குள்ள தோள் மாத்துறாங்கன்னா, சாமி எங்க இருக்குது அப்போ?” என்றார் கடைசியில்.

“உங்களுக்குத்தான் தெரியும்.”

கன்னியம்மா அப்போதுதான் அழ ஆரம்பித்தார். தேசிங்கு பேனாவை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மச்சானைக் கூப்பிட்டார். “நீ போயி என் எடத்துல நில்லு. வலது தோளக் குடு. திருப்பத்துல அவசரப்படாத. கொட்டடிக்கிறவன் வேகத்துக்குப் போவாத, பக்கத்துல நிக்கிறவன் மூச்சப் பாத்துப் போ.” மச்சான் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார், என்னைப் பார்க்கவில்லை. அவர் கீழே இறங்கி ஆட்டோவைக் கிளப்பிப் போகிற சத்தம் தேயும்வரை தேசிங்கு உட்கார்ந்தே இருந்தார். பிறகு படுத்தார்.

மதியம் மாத்திரையின் வேகம் இறங்கியதும் காய்ச்சல் தன் குரலில் பேசியது. கட்டில் ஆடுகிற நடுக்கம். ரத்த அழுத்தம் விழுந்து, ஏற்றி, மறுபடி விழுந்து, மறுபடி ஏற்றினோம். ஆட்டோவில் பாதி வழியில் இது வந்திருந்தால் என்று நான் நினைத்தேன். சர்ஜன் வந்து வயிற்றைப் பார்த்தார். இப்போது கத்தி வைத்தால் ஆறுவதற்கு உடம்பில் ஆள் இல்லை, காத்திருப்போம், குடல் ஓட்டையானால் வேறு வழியில்லை என்றார். வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்றார். இப்போது நிஜமாகவே விரதம்.

அதற்குப் பின் வந்த நாட்கள் எனக்குக் கனவு மாதிரிதான் நினைவிருக்கின்றன. கொடி ஏறியது. தினமும் கன்னியம்மா தீர்த்தமும் துளசியும் கொண்டுவருவார். தனியறைக்குள் பூவும் தீர்த்தமும் கூடாது என்று உங்களுக்குத் தெரியும். முதல் நாள் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். அப்புறம் துளசிச் சரத்தைக் கதவுக் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டுப் பிளாஸ்திரியால் ஒட்டிவிட்டார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து பார்த்தால் கண்ணாடியில் பச்சையாக ஒரு கோடு. தேசிங்கு காய்ச்சலில் கண் விழிக்கும்போதெல்லாம் அதைத்தான் பார்ப்பார். நான் அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, கண்ணுக்குத் தெரியாத குழிகளை நினைத்துக்கொண்டிருப்பேன். எல்லாம் செத்துவிட்டனவா, அடியில் ஒன்றிரண்டு குருத்தாவது தப்பியிருக்குமா? ஒன்று தப்பினால் போதும், பக்கத்துக் குழிகளையும் நிரப்பிவிடும். கிளம்பியிருந்தால் இப்போது எந்தப் படியில் ஏறிக்கொண்டிருக்கும்? நம்மால் ஏற்றிவிட முடியாது. யாரும் அசையாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும். நர்ஸ் வேலையில் பாதி அதுதான்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், பாடம் என்று வைத்துக்கொண்டாலும் சரி. “மாத்திரை போட்டீங்களா?” என்பது நம்முடைய கேள்வி. அது நோயிலிருந்து கிளம்புகிறது. அதற்கு அவர் உண்மையாகத்தான் இல்லை என்றார். “உங்க வேலையில இந்த வாரம் இன்னா செய்வீங்க?” என்பது அவருடைய வாழ்க்கையிலிருந்து கிளம்புகிற கேள்வி. விரதமும் மாத்திரையும் அங்கேதான் இருந்தன. நேரம் இல்லாத நேரத்தில்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வேண்டியிருக்கிறது. எல்லா நாளும் பலிக்காது. பலிக்காத நாட்களும் எனக்கு உண்டு. அவற்றை நேரில் வரும்போது சொல்கிறேன், எழுத வராது.

கருட சேவைக்கு முந்தின இரவு காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது. தணிந்ததை நான் நம்பவில்லை. ஒருதரம் ஏமாந்தவளுக்குத் தெர்மாமீட்டர் மேல் பழைய மரியாதை வருமா? கவுண்ட் பார்க்க ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தோம், ரிப்போர்ட் காலையில்தான் வரும். கன்னியம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். அப்போதுதான் முதல் வெடி கேட்டது, தேசிங்கு கண்ணை மூடிக்கொண்டு பெருமாளோடு நடக்க ஆரம்பித்தார்.

கோபுர வாசல். அப்புறம் திருப்பம். இடையில் வெகுநேரம் வெடி கேட்கவில்லை. மச்சான் ஒழுங்காகத் தோள் கொடுத்திருப்பானா என்று ஒருதரம் கேட்டார். கொடுத்திருப்பார் என்றேன். ஜன்னல் கண்ணாடி வெளுத்துக்கொண்டு வந்தது, கதவில் துளசிச் சரம் கறுப்பிலிருந்து பச்சையானது. அவருடைய உதடு மெல்ல அசைந்தது. அடியை எண்ணுகிறாரா, மூச்சை எண்ணுகிறாரா தெரியவில்லை.

“இப்பதாம்மா. நடை நின்னுடிச்சு” என்றார்.

நானும் நின்றேன். ட்ரிப் சொட்டுகிறதைத் தவிர அறையில் அசைவில்லை.

பிறகு அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டிருந்த கையைத் தானாகவே எடுத்தார். மடக்கியிருந்த முழங்கால்களை நீட்டினார். ட்ரிப் ஓடுகிற கையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல், முனகாமல், வலி இருந்த வலப்பக்கமாகவே புரண்டு, மொத்த பாரத்தையும் வலது தோளில் வாங்கிக்கொண்டு, சீராக மூச்சு விட்டபடி தூங்கிப்போனார்.